ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும்: வாசகர் கேள்வி – பதில்

பயணம் போகும் இடத்தில் பெரிய உணவகத்தில் சாப்பிடுவது, ஒயின் ருசி பார்ப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறையவே வந்தன. பாதிக் கடிதங்களில் ஆசையும் பயமும் சேர்ந்தே இருந்ததால், பயம் தெரிந்த கடிதங்களை முதலில் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: முதல் தடவையாக ஒரு மிஷலின் நட்சத்திர உணவகத்தில் மேசை பதிவு செய்திருக்கிறேன். பயணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, இப்போதே படபடப்பாக இருக்கிறது. எந்த ஃபோர்க்கை எடுப்பது, என்ன உடுத்துவது, ஏதாவது தப்பாகச் செய்துவிட்டால் என்ன ஆகும்?

பதில்: ஒன்றும் ஆகாது. ஃபோர்க், கத்தி எல்லாம் வெளிப்பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கி உள்பக்கமாக வந்தால் சரியாகிவிடும். பல இடங்களில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அவர்களே புதிதாகக் கொண்டுவந்து வைப்பார்கள், அப்போது யோசிக்கவே வேண்டியதில்லை. உடை பற்றி அந்த உணவகத்துக்கே ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். கோட் கட்டாயம் என்று சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் குறைந்துகொண்டே வருகின்றன.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. எதைச் சாப்பிட மாட்டீர்கள், எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, எத்தனை மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்ற மூன்றையும் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்கள் வரிசையாக வரும் டேஸ்டிங் மெனு என்றால் சாதாரணமாக மூன்று மணி நேரம் போய்விடும். இரவு பத்து மணிக்கு ரயில் இருக்கிறது என்பதை எட்டாவது தட்டு வரும்போது சொன்னால் சமையலறையில் யாராலும் எதுவும் செய்ய முடியாது, பாவம்.

முடிந்தால் இரவுக்குப் பதில் மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதே சமையலறை, அதே கைகள், ஆனால் மதிய மெனு பெரும்பாலும் சின்னதாகவும் விலை குறைவாகவும் இருக்கும். சாப்பிட்டு முடித்து வெளியே வந்து ஊரைச் சுற்றி ஒரு மணி நேரம் நடக்கலாம், வயிறும் மனசும் லேசாகும். பெரிய சாப்பாட்டை முடித்த கையோடு ஹோட்டல் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டால் மறுநாள் காலை அதன் நினைவு பாரமாகத்தான் இருக்கும்.

அப்புறம், நீங்கள் கேட்காமலேயே முதலில் ஒரு வாய்க்கு இரண்டு மூன்று சின்னச் சின்ன ஐட்டங்கள் வரும். அதற்கு அமூஸ்-பூஷ் என்று பெயர். அதற்குத் தனியாக பில் வராது, தயங்காமல் சாப்பிடுங்கள். பரிமாறுகிறவரிடம் "எனக்கு இதுதான் முதல் தடவை" என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்ன இடங்களில் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கே அவர்கள் முகம் மலர்ந்திருக்கிறது. ரசித்துச் சாப்பிட வந்த ஒருவருக்கு எடுத்துச் சொல்வது அவர்களுக்கும் பிடித்த வேலை.

கேள்வி: மிஷலின் என்பது டயர் கம்பெனி ஆயிற்றே, அதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஆந்த்ரே, எதுவார் மிஷலின் என்ற அண்ணன் தம்பி 1900இல் கார் ஓட்டுகிறவர்களுக்காக இலவசமாக ஒரு கையேடு போட்டார்கள். பிரான்ஸ் முழுக்க அப்போது சில ஆயிரம் கார்கள்தான். ஜனங்கள் காரில் நிறையச் சுற்றினால்தான் டயர் தேயும், டயர் தேய்ந்தால்தான் வியாபாரம். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்ற தகவல்தான் அதில் இருந்தது. 1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் வந்தது, 1930களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள் ஆயின. அர்த்தமும் பயணக் கணக்கிலேயே இருக்கிறது: இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை மாற்றிக்கொண்டு போய்ச் சாப்பிடலாம், மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் கிளம்பலாம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான், நாற்காலிக்கும் விளக்குக்கும் இல்லை. நல்ல சாப்பாடு, நியாயமான விலை என்ற இடங்களுக்கு 1997 முதல் பிப் கூர்மாண் என்று தனி அடையாளம் கொடுக்கிறார்கள். பயணத்தில் நான் முதலில் தேடுவது அந்தப் பட்டியலைத்தான்.

கேள்வி: ஒயின் பாட்டிலைத் திறந்து எனக்கு மட்டும் கொஞ்சம் ஊற்றிவிட்டு நிற்கிறார்கள். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாமா?

பதில்: பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்ப முடியாது. கெட்டுப்போயிருந்தால் அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். அவர் நிற்பது அந்த ஒரு விஷயத்தை உங்களிடம் உறுதி செய்துகொள்ளத்தான்.

முதலில் லேபிளைக் காட்டுவார். நீங்கள் கேட்ட ஒயினா, நீங்கள் கேட்ட வருஷமா என்று பாருங்கள். வருஷம் மாறியிருப்பது அடிக்கடி நடக்கும், விலையும் அதோடு மாறும். பிறகு ஊற்றியதைக் கோப்பையில் ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் மூக்கே சொல்லிவிடும், குடித்துப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

கார்க்கிலிருந்து வரும் கெடுதலுக்குக் காரணம் டிசிஏ என்ற ஒரு ரசாயனம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குப் பிடிபட்டுவிடும். நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த நிலவறை மாதிரி ஒரு வாடை. எனக்கு அது முதல்முதலாகப் புரிந்தது ஒரு விருந்து மேசையில். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம், பாட்டிலைத் தேர்ந்தெடுத்தது நான். முகர்ந்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது, ஆனால் சொல்லத் தைரியம் வரவில்லை, தலையை ஆட்டிவிட்டேன். எல்லோருக்கும் ஊற்றினார்கள். பழ வாசனையே இல்லாமல் மழையில் நனைந்த அட்டையைக் கரைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது பாட்டில், அதே லேபிள், அதே வருஷம், திறந்ததும் செர்ரிப்பழம் மேசை முழுக்க மணத்தது. இரண்டு கோப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி முகர்ந்தேன். அந்த ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டதை எந்த வகுப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை. அதனால், சந்தேகம் என்றால் "நீங்களும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள்" என்று அவரிடமே கோப்பையை நீட்டுங்கள். மரியாதையான வழி அது. நல்ல சொமெலியே, அதாவது உணவகத்தில் ஒயினைக் கவனிக்கும் நிபுணர், பாட்டிலை மாற்றிவிடுவார், முகம் சுளிக்க மாட்டார்.

திருகு மூடி போட்ட பாட்டிலில் இந்தக் கார்க் பிரச்சினை கிடையாது. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் 2000இல் பல தயாரிப்பாளர்கள் சேர்ந்து ரீஸ்லிங் என்ற தங்கள் வெள்ளை ஒயினைத் திருகு மூடிக்கு மாற்றியதே கார்க் மேல் இருந்த கோபத்தில்தான். திருகு மூடி என்றால் மட்டமான சரக்கு என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் கூச்சப்படாமல் சொல்லலாம்: சிவப்பு ஒயின் வெதுவெதுப்பாக வந்தால், பத்து நிமிஷம் ஐஸ் வாளியில் வைத்துத் தரச் சொல்லுங்கள். அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற பழைய விதி ஹீட்டர் இல்லாத காலத்துக் குளிர் வீடுகளுக்குச் சொன்னது. சிவப்புக்கு 14 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும்.

கேள்வி: அடுத்த வருஷம் நண்பர்கள் நாலு பேர் கார் எடுத்துக்கொண்டு ஒயின் தோட்டங்களைச் சுற்றப் போகிறோம். ஒரு நாளைக்கு ஐந்து தோட்டம் என்று திட்டம் போட்டிருக்கிறோம். சரியாக வருமா?

பதில்: வராது. இரண்டு போதும். மூன்று என்பது உச்சம், அதுவும் நடுவில் உட்கார்ந்து நிதானமாக ஒரு சாப்பாடு இருந்தால்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் ஆறு ஒயின் ஊற்றுகிறார்கள், ஒவ்வொன்றும் 40 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். ஆறுக்கு 240 மி.லி. மூன்று தோட்டத்துக்கு 720 மி.லி. ஒரு பாட்டில் என்பது 750 மி.லி. கொஞ்சம் கொஞ்சமாக ருசி பார்த்ததாக நினைத்துக்கொண்டே ஒருவர் ஒரு முழு பாட்டிலைக் குடித்து முடித்திருப்பார். ஐந்து தோட்டத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஆல்கஹாலை விடுங்கள், நாக்குக்கும் ஒரு அளவு இருக்கிறது. பதினைந்தாவது ஒயினுக்கு மேல் எனக்கு எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. குறிப்பேட்டில் "நன்று, நன்று" என்று மட்டும் எழுதியிருக்கும்.

அதனால் துப்புங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் நம்ம ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். மேசை மேல் ஒரு வாளியோ ஜாடியோ வைத்திருப்பதே அதற்குத்தான், ஒயின் தயாரிப்பவரே உங்கள் கண் முன்னால் துப்புவார். வாயில் வைத்து நாலு பக்கமும் சுழற்றிவிட்டு உதட்டைக் குவித்து மெல்லிசாகத் துப்ப வேண்டும், வீட்டில் தண்ணீரை வைத்துப் பழகிக்கொண்டு போங்கள். கோப்பையில் மீதி இருப்பதையும் அந்த வாளியிலேயே ஊற்றிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கார் ஓட்டுகிறவர் துப்பினாலும் கொஞ்சம் ஆல்கஹால் உடம்பில் ஏறத்தான் செய்யும் என்பதை மறக்க வேண்டாம். பிரான்ஸில் லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் வரம்பு. டொக்காய் ஒயினுக்குப் பேர்போன ஹங்கேரியில் வரம்பே பூஜ்யம், அதாவது ஒரு சொட்டும் கூடாது. நாலு பேரில் ஒருவர் முழு நாளும் தொடவே கூடாது, அல்லது ஓட்டுநரோடு வண்டி வாடகைக்கு எடுங்கள், அல்லது கார் தேவைப்படாத ஊராகப் பாருங்கள். போர்ச்சுகலின் போர்ட்டோவில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தாலே விலா நோவா த கையாவில் போர்ட் ஒயின் கிடங்குகள் வரிசையாக இருக்கின்றன. பிரான்ஸின் எபெர்னே ஊரில் அவென்யூ த ஷாம்பெய்ன் என்ற ஒரே தெருவில் ஷாம்பெய்ன் தயாரிக்கும் பெரிய பெரிய நிறுவனங்கள். இரண்டிலும் கால் இருந்தால் போதும். நிலவறைக்குள் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் இருக்கும், வெளியே வெயில் கொளுத்தினாலும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், உங்கள் மூக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் நிற்பவர் மூக்கும் கெட்டுவிடும்.

சொல்ல மறந்துவிட்டேன், முன்பதிவு இல்லாமல் பல இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். பிரான்ஸின் போர்தோ பகுதியில் ஷாத்தோ என்று சொல்லும் பெரிய ஒயின் பண்ணைகள் அநேகமாக எல்லாமே அப்படித்தான்.

கேள்வி: எந்த மாதத்தில் போவது நல்லது?

பதில்: அறுவடையைப் பார்க்க ஆசை இருந்தால் வடக்கு அரைக்கோளத்தில் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை, தெற்கில் (அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா) பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஆனால் அந்தச் சமயத்தில் தோட்டத்துக்காரருக்கு உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. எனக்குப் பிடித்தது அறுவடைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால்: கொடி பச்சையாக இருக்கும், கூட்டம் அளவாக இருக்கும், ஆட்களுக்கும் அவசரம் இருக்காது. பிரான்ஸில் ஆகஸ்டில் பல உணவகங்கள் விடுமுறைக்கு மூடிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் குடிப்பதில்லை. என் கணவருக்கு ஒயின் என்றால் உயிர். இந்த மாதிரிப் பயணத்தில் எனக்கு என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. முதலில், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. "நான் குடிப்பதில்லை" என்ற இரண்டு வார்த்தை போதும்.

பெரிய உணவகங்களில் இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்றபடி மது இல்லாத பானங்களைத் தனி வரிசையாகவே தயாரிக்கிறார்கள். குளிர வடித்த தேநீர், புளிக்கவைத்த பழச்சாறு, மூலிகைக் கஷாயம், கொம்புச்சா என்ற புளிக்கவைத்த தேநீர் என்று ஒவ்வொன்றும் அந்தத் தட்டுக்காக யோசித்துச் செய்தது. சில நாள் ஒயின் வரிசையைவிட அது என்னை அதிகம் அசத்தியிருக்கிறது. முன்கூட்டியே கேட்டுவையுங்கள், அன்றைக்குக் கேட்டால் வெறும் ஆரஞ்சு ஜூஸ்தான் வரும்.

தோட்டங்களிலும் பார்க்க வேண்டியது கோப்பையில் இருப்பது மட்டும் இல்லை. மண், கொடி, பீப்பாய் செய்கிற ஆள், நிலவறை எல்லாம் இருக்கிறது. முகர்ந்து பார்க்கிற வேலையைக் குடிக்காமலேயே முழுசாகச் செய்யலாம், ருசியில் பெரும்பங்கு மூக்கில்தான் நடக்கிறது. போர்தோவில் 2016இல் திறந்த சித்தே து வான் என்ற ஒயின் அருங்காட்சியகத்தில் வாசனைகளை முகர்ந்து பார்க்கவே தனி மேசைகள் வைத்திருக்கிறார்கள். உங்கள் கணவருக்கு ஒரு வரி: மனைவி தெளிவாக இருக்கிறார் என்பதற்காகத் தினமும் அவரையே வண்டி ஓட்டச் சொல்லாதீர்கள். அவருக்கும் இது விடுமுறைதான்.

கேள்வி: சுத்த சைவம். நல்ல உணவகம் என்ற பேச்சு வந்தாலே நான் ஒதுங்கிவிடுகிறேன். சாலட் கொடுத்து அனுப்பிவிடுவார்களோ?

பதில்: ஒதுங்காதீர்கள். பாரிஸில் மூன்று நட்சத்திர உணவகம் நடத்திய அலென் பாசார் 2001இலேயே மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி மாதிரியான சிவப்பு இறைச்சியை மெனுவிலிருந்து எடுத்துவிட்டுக் காய்கறிகளை நடுவில் கொண்டுவந்து வைத்தார். தோட்டத்திலிருந்து காலையில் பறித்த காய்கறியை வைத்துச் சமைப்பது இன்றைக்குப் பெரிய சமையல்காரர்களின் கர்வமான வேலை.

ஆனால் "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ஊருக்கு ஊர் அதற்கு அர்த்தம் வேறு. கோழி சூப்பில் வேகவைத்த அரிசியையும் மீன் போட்ட சாஸையும் சைவம் என்று நல்ல மனசோடு கொண்டுவந்து வைப்பார்கள். இறைச்சி, மீன், முட்டை, எலும்பு வேகவைத்த சாறு, ஜெலட்டின் எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள், பால் பொருள் ஆகுமா ஆகாதா என்பதையும் எழுதுங்கள். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்குக் பாலைத் திரியவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்தான் சேர்க்க வேண்டும் என்பது அதன் விதி. அது பாஸ்தா, சூப், ரொட்டி எல்லாவற்றின் மேலும் தூவப்பட்டு வரும். ஜப்பானில் தாஷி என்ற சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் ஊறியது, காய்கறித் தட்டிலும் அது இருக்கும்.

ஒயினும் பல சமயம் சைவம் இல்லை என்பது உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளை, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை, பால் புரதம் எல்லாம் போட்டு எடுப்பார்கள். பெண்டோனைட் என்ற களிமண் போட்டுத் தெளியவைத்ததும் உண்டு, தெளியவைக்காமலேயே பாட்டிலில் அடைத்ததும் உண்டு. வீகன் (விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று லேபிளில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள்.

கேள்வி: கோப்பையைச் சுற்றினால் ஓரத்தில் கோடு கோடாக வழிகிறதே, அது நிறைய இருந்தால் நல்ல ஒயின்தானே?

பதில்: இல்லை. ஆல்கஹால் தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாவதாலும் இரண்டின் மேற்பரப்பு இழுவிசை வேறாக இருப்பதாலும் வருவது அது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கேள்வி: ஒயின் பட்டியலில் "கிரான் க்ரூ" என்று பார்த்தாலே அதைத்தான் வாங்குகிறேன். நல்ல தேர்வுதானே?

பதில்: எந்த ஊர் கிரான் க்ரூ என்பதைப் பொறுத்தது. பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் அது ஒரு நிலத்துண்டுக்குக் கொடுக்கும் பட்டம். அங்கே அப்படி 33 இருக்கின்றன, பட்டம் மண்ணுக்குத்தான், ஆளுக்கு இல்லை. க்ளோ த வூஜோ என்ற ஒரே தோட்டம் ஐம்பது ஹெக்டேர், அதைக் கிட்டத்தட்ட எண்பது பேர் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள். லேபிளில் ஒரே பெயர், பாட்டிலுக்குள் எண்பது விதமான கை.

போர்தோவில் கதை வேறு. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக மேதோக் பகுதிச் சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள், அங்கே பட்டம் பண்ணைக்கு. அந்த வரிசையில் பெரிய மாற்றம் என்று சொன்னால் 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற பண்ணை இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியதுதான். அதே போர்தோவில் செயின்ட் எமிலியோன் பக்கம் போனால், லேபிளில் வெறுமனே "கிரான் க்ரூ" என்று போட்டிருக்கும் ஒயின்கள் ஏராளம். அங்கே உண்மையான தரவரிசை "கிரான் க்ரூ க்ளாஸே" என்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

பட்டியல் குழப்பினால் சொமெலியேயிடம் உங்கள் தொகையைக் காட்டிக் கேளுங்கள். மேசையில் மற்றவர்கள் இருந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், பட்டியலில் உங்களுக்குக் கட்டுப்படியாகும் ஒரு விலையை விரலால் தொட்டு "இந்த மாதிரி ஏதாவது" என்றால் அவருக்குப் புரிந்துவிடும். பெயர் தெரியாத ஊரின் ஒயினை அவர் சிபாரிசு செய்தால் துணிந்து வாங்குங்கள். பேர்போன ஊரின் விலையில் பாதி பெயருக்கே போய்விடுகிறது என்பது என் கட்சி.

கேள்வி: விலை கூடினால் ருசியும் கூடுமா, இல்லை எல்லாம் மனப்பிரமையா?

பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். 2001இல் வெளியான ஒரு போர்தோ ஆய்வில், ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற சொற்களை வைத்தே அதை வர்ணித்தார்கள். கண் அவ்வளவு தூரம் மூக்கை இழுத்துக்கொண்டு போகிறது. 1976 மே 24 அன்று பாரிஸில், லேபிளை மறைத்து நடந்த போட்டியில் பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியாவின் ஷாத்தோ மான்டலீனாவை வெள்ளையிலும் ஸ்டாக்ஸ் லீப்பைச் சிவப்பிலும் முதலிடத்தில் வைத்தார்கள், இரண்டும் 1973ஆம் வருஷத்து ஒயின். லேபிள் தெரிந்திருந்தால் நடந்திருக்குமா என்பதை யோசித்துப் பாருங்கள். அதற்காக எல்லாம் பிரமை என்று சொல்ல மாட்டேன். பழைய கொடி, குறைந்த விளைச்சல், கையால் பறிப்பது, நாலைந்து வருஷம் நிலவறையில் காத்திருப்பது எல்லாம் செலவுதான், அது கோப்பையில் தெரியும். ஒரு கட்டத்துக்கு மேல் நீங்கள் கொடுக்கும் பணம் அரிதான பொருளுக்கான விலை, ருசிக்கான விலை இல்லை.

கேள்வி: வாங்கிய பாட்டிலை விமானத்தில் கொண்டுவரலாமா?

பதில்: கைப்பையில் முடியாது, பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மி.லி. விதி இருக்கிறது. பெட்டியில் வைக்கலாம். 24 சதவீதத்துக்குக் கீழே ஆல்கஹால் உள்ள பானத்துக்கு விமானப் பாதுகாப்பு விதியில் தடை இல்லை, சாதாரண ஒயினும் போர்ட்டும் அதற்குள் அடங்கும். 24 முதல் 70 சதவீதம் வரை உள்ளதை ஒருவர் 5 லிட்டர்தான் கொண்டுவரலாம், அதற்கு மேலே உள்ள சரக்கு ஏற்றவே கூடாது. இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு இதிலிருந்து வேறு, அதைத் தனியாகப் பாருங்கள். விமான நிலையத்துக் கடையில் வாங்கினால், நடுவில் விமானம் மாறுகிறவர்கள் சீல் வைத்த பையைக் கடைசி ஊர் வரை பிரிக்கக் கூடாது.

பெட்டியில் வைக்கும்போது பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, துணிகளுக்கு நட்டநடுவில், ஓரத்தில் படாமல் வையுங்கள். நான் ஒரு தடவை ஷூவுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு பாட்டில் உடைந்து, புடவை நாலும் போச்சு. வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்காதீர்கள். பழைய ஒயினில் அடியில் படிந்திருந்த வண்டல் கலங்கிப்போயிருக்கும், சில வாரம் அசைக்காமல் வைத்துவிட்டுத் திறங்கள்.

கேள்வி: டிப்ஸ்?

பதில்: பிரான்ஸில் சேவைக்கான தொகை விலையிலேயே அடங்கிவிடும், மனம் நிறைந்தால் கொஞ்சம் வைக்கலாம். இத்தாலியில் பில்லில் வரும் கோப்பெர்தோ என்பது உட்கார்ந்ததற்கான கட்டணம், டிப்ஸ் இல்லை. அமெரிக்காவில் 18 – 20 சதவீதம் வைக்காமல் எழுந்தால் பரிமாறியவரின் வருமானத்தில் கைவைத்த மாதிரி. ஜப்பானில் வைக்கவே வேண்டாம்.

கேள்வி: ருசி பார்க்கும் இடத்தில் எல்லோரும் பிளாக்கரன்ட், சிடார் மரம், வயலட் பூ என்கிறார்கள். எனக்கு ஒயின் வாசனைதான் வருகிறது. எனக்கு மூக்கு சரியில்லையா?

பதில்: மூக்கு சரியாகத்தான் இருக்கிறது. பார்த்தே இராத பழத்தின் பெயரை எப்படிச் சொல்ல முடியும்? உங்களுக்குத் தெரிந்த வாசனையைச் சொல்லுங்கள். ஈரமண், புதுத் தோல்செருப்பு, பென்சில் சீவியது, பழைய புத்தகம், கிராம்பு என்று எது தோன்றுகிறதோ அது. தயாரிப்பவர்களுக்கு இந்த மாதிரிப் பதில்தான் பிடிக்கிறது, மனப்பாடம் செய்ததை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

இன்னும் சொல்கிறேன், சிவப்பு ஒயினை அறியத் தமிழில் நமக்கு ஒரு சொல் கைவசம் இருக்கிறது: துவர்ப்பு. ஈறையும் கன்னத்தையும் பிடித்து இழுக்கிற அந்த உணர்வு திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருளால் வருவது. நிறைய பேர் அதை "டிரை" என்று தப்பாகச் சொல்கிறார்கள். ஒயினில் டிரை என்றால் இனிப்பு இல்லாதது என்று மட்டும்தான் பொருள். அறுசுவையில் துவர்ப்பை ஒன்றாக எண்ணிய மொழியில் பிறந்தவர்களுக்கு இந்தக் குழப்பமே வர வேண்டியதில்லை. முதல் வாயில் இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, கசப்பு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பூவும் பழமும் பிறகு தானாக வரும்.

ஜார்ஜியா நாட்டில் கஹேத்தி பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான் ஆனது. அங்கே க்வெவ்ரி என்ற பெரிய மண் ஜாடியைக் கழுத்து வரை தரையில் புதைத்து அதில் ஒயினை ஊறவைக்கிறார்கள். அந்த முறையை யுனெஸ்கோ 2013இல் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது. வீட்டுக்காரர் மூடியைச் சுற்றி அப்பியிருந்த களிமண்ணைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, நீளக் காம்பு வைத்த அகப்பையை உள்ளே இறக்கி ஊற்றினார். வெள்ளைத் திராட்சைதான், ஆனால் மாதக்கணக்கில் தோலோடும் விதையோடும் ஊறியதால் நிறம் தேன் மாதிரி இருந்தது. நான் ஒரு வாய் வைத்துவிட்டு, என்ன வாசனை என்று சொல்லத் தெரியாமல், நாக்கில் ஏறிய துவர்ப்பைக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. அவரும் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார், அப்புறம் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.